நாமா, நாங்களா? – ஒரு கால்பந்துப் பாட்டின் இலக்கணம்

தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே வருகிறார். 'நாங்கள்' என்றால் அவர் வெளியே நிற்கிறார். நன்னூலார் வினைமுற்று விகுதிகளைச் சொல்லுமிடத்தும் இந்நுட்பத்தை விடவில்லை. அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்மையோடு உளப்படுத்தும் என்று வகுத்திருக்கிறார். விகுதிகளின் வேறுபாடு காலப்போக்கில் மங்கிவிட்டதாயினும் பெயர்ச்சொற்களின் வேறுபாடு இன்றும் அழியவில்லை. "வா, நாம் சாப்பிடலாம்" என்று தாய் அழைப்பதற்கும், "நாங்கள் சாப்பிட்டாயிற்று" என்று அண்டை வீட்டார் சொல்வதற்கும் உள்ள தொலைவை மூன்று வயதுக் குழந்தையும் அறியும்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' என்னும் ஒரே சொல்தான். மொழிபெயர்ப்புத் தாள் கற்பிக்கும்போது மாணவர் மிகுதியாக இடறி விழுவது இச்சிறு சொல்லில்தான் என்பதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். பேசுபவன் யாரை நோக்கிப் பேசுகிறான், கேட்பவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறானா என்பதை உணராமல் அச்சொல்லைத் தமிழாக்க இயலாது. ஒரு நாட்டின் விளையாட்டு அணிக்காகப் பாடப்படும் பாட்டில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அங்கே 'வீ' என்பது ஒரு நாட்டையே குறித்து நிற்கிறது. அந்நாட்டில் யார் யார் அடக்கம்? 1990-ஆம் ஆண்டு இங்கிலாந்து அணிக்காகப் பதிவு செய்யப்பட்ட 'வேர்ல்டு இன் மோஷன்' என்னும் பாட்டை முன்வைத்து இதனை ஆராய முற்படுகிறோம்.

இஸ்லாமியக் கல்லூரியின் தமிழ்த்துறை மலரில் மேலைநாட்டு மெல்லிசைப் பாட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இசையைக் குறித்து நம் சமுதாயத்தில் நிலவும் கருத்து வேறுபாடுகளை நாம் அறியாதவரல்லோம். மெட்டின் இனிமையை இங்கு நாம் பேசப்போவதில்லை. 'நாம்' என்று சொல்லும் உரிமை அப்பாட்டில் யாருடைய வாய்க்கு வழங்கப்பட்டது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

வீரர் பாடிய பாட்டுகள்

நம் புறப்பாடல்களில் போர்க்களம் செல்வோர் பெரும்பாலும் தாமே பாடுவதில்லை. அவர்களைப் புலவரும் பாணரும் பாடுவர். இங்கிலாந்தில் வழக்கம் வேறாக அமைந்தது. 1966-இல் தன் மண்ணிலேயே உலகக் கோப்பையை வென்ற அவ்வணி, 1970-இல் மெக்சிகோவுக்குப் புறப்படுமுன் ஆட்டக்காரர்களே வரிசையாக நின்று 'பேக் ஹோம்' என்ற பாட்டைப் பாடினர். அவ்விசைத்தட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தொலைதூரத்தில் ஆடப்போகும் வீரர்கள் ஊரில் இருக்கும் மக்களை நினைத்துப் பாடுவதாக அமைந்த பாட்டு அது. பாடுவோர் ஒரு கூட்டம், கேட்போர் மற்றொரு கூட்டம். எனவே இதன் 'வீ' ஐயத்துக்கிடமின்றி 'நாங்கள்' ஆகும். இதை இயற்றிய இருவருள் பில் மார்ட்டின் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தவர். பில் கூல்ட்டர் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தவர். இங்கிலாந்தின் 'நாங்கள்' என்னும் சொல்லை இங்கிலாந்தில் பிறவாத இருவர் எழுதிக் கொடுத்தனர் என்பது சுவையான முரண்.

1982-இல் ஸ்பெயினுக்குப் புறப்பட்டபோது பாடிய பாட்டு, இம்முறை தவறாமல் செய்து முடிப்போம் என்று உறுதி கூறும் போக்கினது. இதை நம் இலக்கணப்படி வஞ்சினக் காஞ்சி எனலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் சூளுரைத்தான், சொன்னபடி வென்றான். இங்கிலாந்து அணியோ ஓர் ஆட்டத்திலும் தோற்காமலேயே இரண்டாம் சுற்றோடு வீடு திரும்பிற்று. அதற்கு முன்பு, 1978-இல், ஸ்காட்லாந்து இதைவிடவும் உரத்துப் பாடியிருந்தது. நகைச்சுவை நடிகர் ஆண்டி கேமரன் பாடிய பாட்டு, உலகக் கோப்பை கையில் வந்துவிட்டதுபோலவே அவர்களை ஆர்ப்பரிக்க வைத்தது. பின்னர் பெருவிடம் 3-1 என்று தோல்வி. ஈரானோடு 1-1 என்று சமநிலை. ஹாலந்தை 3-2 என்று வென்றும் பயனில்லாத வெளியேற்றம். வெற்றிக்கு முன்னரே பாடப்படும் வாகைப் பாட்டு நிலைப்பதில்லை.

பழியின் காலம்

1990-ஐ எட்டியபோது ஆங்கிலக் கால்பந்தின் பெயர் மிகவும் கெட்டிருந்தது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் அணியின் ஆதரவாளர்கள் எதிரணி ஆதரவாளர்மேல் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் உயிரிழந்தனர். ஆங்கிலக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசல் மற்றொரு பேரழிவு. அதில் காயமுற்றோருள் ஒருவர் 2021-இல் இறந்தபோது பலியானோர் தொகை 97 ஆயிற்று. அங்கே ரசிகர்மேல் பழி சுமத்தப்பட்டது. அப்பழி பொய்யென்பது பின்னர் நிறுவப்பட்டது. எனினும் அக்காலத்தில் ஆங்கில ரசிகன் என்றாலே கலகக்காரன் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியிருந்தது. 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை நடத்திய இத்தாலி, இங்கிலாந்தின் முதற்சுற்று ஆட்டங்களைச் சார்டீனியத் தீவில் வைத்தது. கலகக்காரரைக் கடல் நடுவே நிறுத்திவைத்தால் காவல் எளிது என்பது கணக்கு.

இந்நிலையில்தான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தார், பழைய பாணியிலான வீரர்கள் பாட்டு இனி உதவாது என்று கருதி, மான்செஸ்டர் நகரின் 'நியூ ஆர்டர்' இசைக்குழுவை நாடினர். அக்குழு முன்னர் 'ஜாய் டிவிஷன்' என்ற பெயரில் இயங்கியது. அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980-இல் தற்கொலை செய்துகொண்டபின் எஞ்சியோர் புதுப்பெயர் பூண்டு தொடர்ந்தனர். துயரமும் மின்னணு இசையும் கலந்த பாட்டுகளுக்குப் பெயர்பெற்ற அவர்கள் கால்பந்து ஆரவாரத்துக்குப் பொருந்துவார்கள் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். பி.பி.சி. நிகழ்ச்சியொன்றுக்காகத் தாங்கள் முன்னர் அமைத்திருந்த இசையைக் கொண்டு மெட்டை ஆக்கினர். நடிகர் கீத் ஆலன் சொற்களுக்குத் துணை நின்றார். ஆங்கில ஐந்தாம் எழுத்தை இங்கிலாந்தோடு இணைத்துச் சொல்லும் தொடர் ஒன்று முதலில் எண்ணப்பட்டது. அவ்வெழுத்து அந்நாளில் இளைஞரிடையே பரவியிருந்த போதை மாத்திரை ஒன்றின் குறிப்புப்பெயரும் ஆகும் என்பதால் சங்கத்தார் அதனை ஏற்கவில்லை.

பாட்டின் பொருள் முந்தையவற்றினும் வேறுபட்டது. எதிரியைப் பழிப்பதும் கோப்பையைக் கொணர்வோம் எனச் சூளுரைப்பதும் அதில் இல்லை. அன்பு, தன்னை வெளிப்படுத்தல், தயங்காமை என்ற வகையில் அது செல்கிறது. நாட்டின் பெயர் இறுதிப்பகுதியிலேயே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இசைத்தட்டின்மேல் பாடியோர் பெயராக இங்கிலாந்து என்பதையும் குழுவின் பெயரையும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக அச்சிட்டனர். புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் நமக்கு அது புன்முறுவல் தருகிறது.

ஒலிப்பதிவுக்கு அணியிலிருந்து ஆறு பேர் வந்தனர்: ஜான் பார்ன்ஸ், பீட்டர் பியர்ட்ஸ்லி, பால் கேஸ்கோயின், ஸ்டீவ் மெக்மஹோன், கிறிஸ் வாடில், டெஸ் வாக்கர். பாட்டின் நடுவே ஆட்டக்காரர் ஒருவர் ராப் முறையில் சில அடிகள் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ராப் என்பது தாளத்தோடு விரைந்து பேசும் பேச்சு. நம் மரபில் சந்தம் தவறாமல் ஒப்பிக்கும் வண்ணப்பாட்டை ஓரளவு நினைவூட்டுவது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞரிடையே உருவான அக்கலைக்கு வித்திட்டோருள் முதல்வராகச் சொல்லப்படும் கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். பதிவுக்கு வந்தோருள் சிலர் முயன்று பார்த்தனர். வாய்த்தது பார்ன்ஸ் ஒருவருக்கே. அவரும் கிங்ஸ்டனில் பிறந்தவர்தான்.

பார்ன்ஸ் என்னும் 'நாம்'

ஜான் பார்ன்ஸ் 1963-இல் பிறந்தார். தந்தை படைத்துறை அதிகாரி. 1976-இல் குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. 1983-இல் இங்கிலாந்து அணியில் இடம்பெற்றார். 1984 ஜூன் 10 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலை எதிர்த்து அவர் போட்ட கோல், எதிரணியினரை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து சென்று போட்டது. பிரேசில் மண்ணில் பிரேசிலியர்போல் ஆடிய கோல் என்று அதைப் புகழ்வர். இங்கிலாந்து 2-0 என்று வென்றது.

அப்பயணத்தின்போது அணி சென்ற விமானத்திலேயே 'நேஷனல் ஃப்ரண்ட்' என்ற வெள்ளை இனவெறிக் கட்சியைச் சார்ந்த சிலரும் இருந்தனர். அவர்கள் அந்த ஆட்டத்தின் முடிவு 1-0 தான் என்றனர். கறுப்பன் போட்ட கோல் கணக்கில் சேராதாம்! தன் நாட்டு அணியின் வெற்றியையே பாதியாகக் குறைத்துக்கொள்ளும் வெறுப்பை என்னென்பது? ஒரு நாட்டின் 'நாம்' எங்கே 'நாங்கள்' ஆகச் சுருங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

1988 பிப்ரவரியில், லிவர்பூல் அணிக்காக எவர்ட்டன் அரங்கில் ஆடியபோது, பார்வையாளர் எறிந்த வாழைப்பழம் பார்ன்ஸின் காலடியில் விழுந்தது. குரங்கு என்று இகழ்வதற்கு அந்நாட்டார் சிலர் கண்ட வழி அது. அவர் குதிகாலால் அதை அப்பால் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். அக்காட்சியின் நிழற்படம் உலகெங்கும் வெளியாயிற்று. தள்ளிய விதத்தில் சினமும் தெரியவில்லை, பணிவும் தெரியவில்லை. நம்மைக் கவர்வது அந்த அலட்சியம்தான்.

இரண்டாண்டுகள் கழித்து இதே மனிதர் இங்கிலாந்தின் பாட்டில் வந்து நிற்கிறார். பந்தை எப்போது வைத்திருப்பது, எப்போது கொடுப்பது என்று ஆட்டத்தின் நுணுக்கத்தைச் சொல்லிச் செல்லும் அடிகள் அவை. இறுதியில், கலகக்காரர் என்னும் பழியை மறுத்துவிட்டு, மூன்று சிங்கச் சின்னத்தைத் தம் மார்பில் தாங்கியிருப்பதாகத் தன்மை ஒருமையில் கூறி முடிக்கிறார். வேறொரு வீரர் சொல்லியிருந்தால் அது சட்டையைப் பற்றிய வருணனையாக நின்றிருக்கும். விமானத்தில் அவரது கோலைக் கழித்துக் கணக்கிட்டவர்களும் கேட்கும்படி பார்ன்ஸ் சொல்லும்போது அது உரிமைச் சாசனம் ஆகிறது. அந்த ஒருமை நிலைபெற்றாலன்றிப் பாட்டின் பன்மைக்குப் பொருளில்லை. ஆகவே மற்றப் பாட்டுகளின் 'வீ'யை 'நாங்கள்' என்று பெயர்த்த நாம், இதன் 'வீ'யை 'நாம்' என்றே பெயர்ப்போம்.

அச்சின்னத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் செல்ல மனமில்லை. மூன்று சிங்கம் பொறித்த முத்திரையை 1198-இல் வழங்கியவன் முதலாம் ரிச்சர்டு மன்னன். சிலுவைப்போரில் சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களை எதிர்த்து நின்றவன் அவனே. சிங்கம் இங்கிலாந்துக் காட்டு விலங்கும் அன்று. எங்கிருந்தோ வந்த விலங்கு அந்நாட்டின் அடையாளமாகலாம், எங்கிருந்தோ வந்த மனிதன் ஆகக்கூடாது என்பது வேடிக்கையான வாதம்.

ஒரு சமுதாயம் தன் குரலாக யாரைத் தேர்ந்துகொள்கிறது என்பது அச்சமுதாயத்தின் உள்ளத்தைக் காட்டிவிடும். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றியின்போது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கஅபாவின்மேல் ஏறிப் பாங்கு சொல்லுமாறு பிலால் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அபிசீனிய அடிமைக் குடியில் வந்த கறுப்பர் ஒருவர் அவ்விடத்தில் நிற்பதைக் கண்டு குறைஷியருள் சிலர் முகம் சுளித்தனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். பாங்கொலியைக் கேளிக்கைப் பாட்டோடு ஒப்பிடும் துணிவு நமக்கில்லை, ஒப்பிடவும் கூடாது. முகம் சுளித்த அந்தக் கூட்டம் மட்டும் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் இருக்கிறது என்பதற்காகவே இதைக் குறித்தோம்.

பாட்டுக்குப் பின்

1990 ஜூன் மாதம் அப்பாட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்று இரண்டு வாரம் நின்றது. 'நியூ ஆர்டர்' குழுவுக்கு அங்கு முதலிடம் கிடைத்தது அந்த ஒரு முறைதான். களத்தில் பார்ன்ஸுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஜூலை 1 அன்று நேப்பிள்ஸ் நகரில் கேமரூனை எதிர்த்த காலிறுதியில் இடைவேளையோடு வெளியேறினார். அவருக்கு மாற்றாக இறங்கியவர், அதே பாட்டில் உடன் பாடிய பியர்ட்ஸ்லி. ஜூலை 4 அன்று டூரின் நகர அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியோடு 1-1 என்று சமநிலை கண்ட இங்கிலாந்து, பெனால்டி உதைகளில் 4-3 என்று தோற்றது. தவறவிட்டோர் ஸ்டூவர்ட் பியர்சும் வாடிலும். அவ்விருவரையும் நாடு நெடுங்காலம் கேலி செய்தது. ஆனால் நீ எந்த நாட்டவன் என்று கேட்கவில்லை. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒரு பாட்டினால் உள்ளங்கள் மாறிவிட்டன என்று எழுதினால் அது பொய்யாகும். 1993 பிப்ரவரியில் வெம்பிளி அரங்கில் சான் மரினோவை எதிர்த்து ஆடியபோது, பார்ன்ஸை இங்கிலாந்தின் ரசிகர்களே கூச்சலிட்டு இகழ்ந்தனர்.

1996-இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்தபோது 'த்ரீ லயன்ஸ்' என்ற பாட்டு வந்தது. இயன் பிரௌடி இசையமைக்க, டேவிட் படீல், ஃபிராங்க் ஸ்கின்னர் என்னும் இரு நகைச்சுவையாளர் சொல்லெழுதிப் பாடினர். வீரரை விட்டு ரசிகரின் வாய்க்குப் பாட்டு வந்து சேர்ந்தது இங்கேதான். முப்பதாண்டுத் தோல்வியைச் சொல்லி ஏங்கும் பாட்டு அது. வாகையினும் கையறுநிலைக்கே அணுக்கமானது. படீல் யூத இனத்தவர். அவருடைய தாயார் நாஜி ஜெர்மனியிலிருந்து 1939-இல் குழந்தையாகத் தப்பி வந்தவர். ஏதிலியின் மகன் எழுதிய ஏக்கத்தை இங்கிலாந்து தன் ஏக்கமாகப் பாடிற்று. அரையிறுதியில் இங்கிலாந்தை வென்று, பின் கோப்பையையும் வென்ற ஜெர்மானிய வீரர்கள், ஊர் திரும்பிப் ஃபிராங்ஃபர்ட் நகரில் மக்கள்முன் நின்று அதே பாட்டைப் பாடினர். அதை ஏளனம் என்பாரும் உளர். பாட்டுக்கு வாய்த்த பெருமை என்று நாம் கொள்கிறோம்.

2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் இத்தாலியை எதிர்த்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் மீண்டும் பெனால்டி உதைகளுக்குச் சென்றது. மார்கஸ் ராஷ்ஃபோர்டு, ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாக்கா ஆகிய மூவர் தவறவிட்டனர். மூவரும் கறுப்பினத்தவர். சாக்காவுக்கு அப்போது வயது பத்தொன்பது. சில மணி நேரத்துக்குள் இனவசைகள் சமூக ஊடகங்களில் குவிந்தன. 1990-இல் பியர்சிடமும் வாடிலிடமும் கேட்கப்படாத வினா இவர்களிடம் கேட்கப்பட்டது. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் சுவரொன்றில் தீட்டப்பட்டிருந்த ராஷ்ஃபோர்டின் உருவத்தின்மேல் எவனோ வசை கிறுக்கினான். மறுநாள் அப்பகுதி மக்கள், சிறுவர் உட்பட, அன்புமொழி எழுதிய தாள்களை ஒட்டிச் சுவரையே மூடிவிட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று துபாய் நகரில் பாகிஸ்தானிடம் இந்தியக் கிரிக்கெட் அணி தோற்றபோது, முகம்மது ஷமி ஒருவரையே தேடிச்சென்று ஊடகங்களில் ஏசியதையும், அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றதையும் இம்மலரைப் படிப்போர் மறந்திருக்க மாட்டார்கள்.

இனவெறியைப் பற்றிப் பார்ன்ஸ் 2021-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து நாம் எதிர்பார்ப்பதினும் கசப்பானது. புகழ்பெற்ற கறுப்பு ஆட்டக்காரனைக் கொண்டாடுவது எளிது, அதனால் அவன் தெருவில் வாழும் பெயரில்லாத கறுப்பனின் வாழ்வு மாறிவிடுவதில்லை என்கிறார். அரங்கத்தில் கத்துபவனைப் பிடித்து வெளியேற்றினால் போதாது, அவன் ஆட்டம் முடிந்து எந்த வீட்டுக்கும் எந்த அலுவலகத்துக்கும் திரும்புகிறான் என்று பார்க்கச் சொல்கிறார். தம்மையே எடுத்துக்காட்டாக்கிப் பேசும் நேர்மை அதில் உண்டு.

2010-இல் மார்ஸ் மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில் அவர் அந்த அடிகளை மீண்டும் சொன்னார். இருபதாண்டு மூப்பு உடலில் தெரிந்தது. சிங்கச் சின்னம் வருமிடத்தைக் கூட்டம் இப்போது அவரோடு சேர்ந்தே சொல்கிறது.